கடலுக்குப் போனவர் கணக்கில் வருவதில்லை

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து மீனவ ஊர் ஒன்றில் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தால் யார் கிடைப்பார்கள்? பெண்கள், வயதானவர்கள், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள், அப்புறம் உடம்புக்கு முடியாமல் கடலை விட்ட ஆண்கள். இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற ஆண்கள் வாரக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார்கள். படிவத்தில் 'வீட்டில் இல்லை' என்று ஒரு டிக். மூன்று முறை போயும் ஆள் இல்லையென்றால் அடுத்த வீடு. மருத்துவ மாணவர் இப்படியே ஆய்வேடு எழுதி முடித்துவிடலாம், தேர்வாளரும் ஒப்புக்கொள்வார்.

இதில் வரும் பிழை எவ்வளவு பெரியது என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரில் 1,000 ஆண்கள். அவர்களில் 600 பேர் கடலில். அவர்களில் 35 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், அதாவது 210 பேர். கரையில் இருக்கும் 400 பேர் மூத்தவர்களும் நோயாளிகளும்; அவர்களில் பாதிப்பேருக்கு, அதாவது 200 பேருக்கு. உண்மையான அளவு 41 சதவீதம். ஆய்வு சொல்வது 50. 'ஆண், பெண் விகிதத்துக்கு ஏற்ப எடை போட்டால், அதாவது கிடைத்த ஆண்களின் எண்ணுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தால், சரியாகிவிடும்' என்பார் புள்ளியியல்காரர். ஆகாது. வராத ஆணும் வந்த ஆணும் ஒரே மாதிரி என்றால்தான் எடை உதவும். இங்கே உடம்பில் தெம்பு இருப்பவர் கடலில், தெம்பு போனவர் திண்ணையில். எடை போட்டால் அதே பிழைதான் இன்னும் அழுத்தமாகப் பதியும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில் போனால் ஆட்கள் கிடைப்பார்கள் என்பது கடற்கரையில் பிறந்த எந்த மாணவருக்கும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். அதற்கு அடுத்ததும் தெரியும்: தடைக்காலத்து உடம்பு வேறு. வருமானம் இல்லை, தூக்கம் உண்டு, சாப்பாடு வேறு, குடி கூடலாம் குறையலாம். ஆகவே தடைக்காலத்தில் பார்த்தவர்களில் ஒரு பகுதியினரையாவது தொழில் நடக்கும் மாதத்தில், படகு கரைக்கு வந்த நாளில், மறுபடி பார்க்க வேண்டும். ஆய்வு முறையியல் வகுப்பில் 'பருவத்தால் வரும் சாய்வு' என்று ஒரு வரியில் போகிற விஷயம், இங்கே படகின் புறப்பாட்டுத் தேதி.

மருத்துவர்-ஆய்வாளர் பயிற்சியில் பலதரப்பட்ட பின்னணி வேண்டும் என்று பேசினால் உடனே அதைக் கருணைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது அளவைத் துல்லியத்தின் கணக்கு. கேள்வி கேட்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதைப் பொறுத்துத்தான் எது எண்ணப்படுகிறது, எது விட்டுப்போகிறது என்பது இருக்கிறது.

இந்த மாவட்டத்தின் சராசரிகள் அழகாக இருக்கும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். 1838இல் நெய்யூரில் மருத்துவ மிஷன் தொடங்கியது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்தச் சராசரிக்கு அடியில் பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளும், கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும், முந்திரி ஆலைப் பெண்களும், கடற்கரையும் இருக்கின்றன. நாஞ்சில் நாட்டு வயல்பக்கத்து எண்களோடு இவர்களைச் சேர்த்துக் கூட்டி வகுத்தால் யாருக்கும் ஒன்றும் இல்லாதது போலத் தெரியும். ஏற்றத்தாழ்வை ஆராய வந்தவர் முதலில் செய்ய வேண்டியது மாவட்டச் சராசரியை உடைப்பது. வட்டம் வாரியாக உடைத்தாலும் போதாது. விளவங்கோட்டில் மட்டும் மலையும் ரப்பரும் சமவெளியும் கலந்து கிடக்கின்றன. தொழில் வாரியாக உடைக்க வேண்டும்.

ஆள் சேர்ப்பதில் பாதை எங்கே கசிகிறது என்று பார்ப்போம். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு மாநில ஒதுக்கீடு 1 சதவீதம். உள்ளே வருவதற்கு இவை வாசல். ஆனால் ஆராய்ச்சியின் வாசல் வேறு இடத்தில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, முதுநிலை மூன்று ஆண்டு, அதற்கு மேல் பிஎச்.டி. குறைந்தது மூன்று ஆண்டு. பதினெட்டு வயதில் நுழைந்தவர் இடையில் ஒரு வருடம்கூட இழக்காமல் போனாலும் முப்பதைத் தொட்டுவிடுவார். அதுவரை வீட்டுக்குப் பணம் அனுப்பாமல் இருக்க எல்லா வீட்டாலும் முடியாது. அமெரிக்காவில் 1964இல் தேசிய சுகாதார நிறுவனம் எம்.டி.யையும் பிஎச்.டி.யையும் ஒரே திட்டமாக்கிக் கல்விக் கட்டணத்தையும் மாதப்படியையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. நம் ஊரில் அதற்கு ஈடாகத் துண்டு துண்டாகச் சில உண்டு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம், முதுநிலையின் கட்டாய ஆய்வேடு, முதுநிலை மாணவர்கள் மாவட்ட மருத்துவமனையில் செய்யும் மூன்று மாத மாவட்ட உறைவிடப் பயிற்சி. இந்தத் துண்டுகளைத் தைத்து ஒரே பாதையாக்குவதுதான் வழிகாட்டியின் வேலை.

குறுகிய கால ஆய்வு என்பது இரண்டு மாதம். பெரும்பாலான தோல்வி அந்த இரண்டு மாதத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆய்வுக்கு ஒப்புதல் தரும் கல்லூரி நெறிமுறைக் குழு நினைத்த நேரத்திலெல்லாம் கூடுவதில்லை; அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்காமலே மாணவர் கருத்துருவை அனுப்பிவிடுவார். ஒப்புதல் கிடைக்கும்போது விடுமுறை முடிந்திருக்கும். பின்னாலிருந்து எண்ண வேண்டும்: களப்பணிக்குப் போகும் நாளுக்கு நான்கு மாதம் முன்பு கருத்துரு முதல் வரைவு, மூன்று மாதம் முன்பு குழுவுக்கு. மருந்தோ தலையீடோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். சேர்த்தபின் பதிந்தால் அது 'பின்தேதிப் பதிவு'. நல்ல இதழ் ஏற்காது.

முதல் ஆண்டு மாணவருக்குக் கொடுக்கும் முதல் வேலை ஆங்கிலக் கட்டுரையாக இருக்கக் கூடாது. அரசுப் பள்ளியிலிருந்து தமிழ் வழியில் வந்தவரை அங்கேயே இழந்துவிடுவோம். ஒரு வெற்று அட்டவணை வரையச் சொல்லுங்கள். வரிசையில் தொழில்: கடல், பால்வெட்டு (ரப்பர் மரத்தில் பால் எடுப்பது), முந்திரி, வயல், மற்றவை. பத்தியில் ஆண், பெண், வயது. கட்டத்துக்குள் எந்த எண் வர வேண்டும், அதை எங்கிருந்து எடுப்பாய்? இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் காட்டட்டும். அட்டவணை தெளிவாக வந்தால் கேள்வி தெளிவு. ஆங்கிலம் ஆறு மாதத்தில் வந்துவிடும். கேள்வி அப்படி வராது.

அடுத்தது மாதிரி எண்ணிக்கை. இதைச் செயலியில் தட்டி எடுக்க விடக் கூடாது, கையால் போட வேண்டும். எதிர்பார்க்கும் அளவு 20 சதவீதம், இரண்டு பக்கமும் 5 சதவீதப் பிழை ஏற்கலாம் என்றால்: 1.96ஐ (95 சதவீத நம்பகத்துக்கான எண்) 1.96ஆல் பெருக்கி, அதை 0.2, 0.8 இரண்டாலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 246. இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஆனால் நாம் ஊர் ஊராகப் போகிறோம். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்; அதனால் ஒவ்வொருவரிடமும் புதிதாகத் தெரியவருவது குறைவு. அதற்காக இரண்டால் பெருக்கினால் 492. பத்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்து 0.9ஆல் வகுத்தால் 547. முப்பது ஊர் எடுத்தால் ஊருக்கு 19 பேர், மொத்தம் 570. அந்த இரண்டு என்ற பெருக்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல ஆய்வேடுகள் 'வழக்கமாக இரண்டு' என்று கையை விரிக்கும். ஊருக்கு 19 பேர், ஊருக்குள் ஒற்றுமை அளவு 0.05 என்றால் ஒன்றோடு பதினெட்டு முறை 0.05ஐக் கூட்ட வேண்டும், 1.9 வரும். ஊருக்கு 40 பேர் என்று சோம்பலுக்காகக் கூட்டினால் அது கிட்டத்தட்ட மூன்றாகிவிடும். ஆட்டோ செலவு மிச்சமாகும், துல்லியம் போகும்.

முப்பது ஊரைத் தேர்ந்தாயிற்று. ஊருக்குள் 19 வீட்டை எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது? கடற்கரையில் பங்குத் தேவாலயத்தின் குடும்பப் பதிவேடு கையில் கிடைக்கும், துல்லியமாகவும் இருக்கும். ஆனால் அதில் ஊர் வரிப்பணம் கட்டாமல் ஒதுங்கியவர், வேறு சபைக்குப் போனவர், வாடகைக்கு வந்த வெளியூர்க்காரர் இருக்க மாட்டார்கள். நோய் கூடுதலாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் பெரும்பாலும் அந்த விடுபட்டவர்கள்தான். பதிவேட்டை எடுத்துக்கொண்டு, கிராம சுகாதார செவிலியரின் பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டிலும் இல்லாத வீடுகளைத் தெருவில் நடந்து சேர்க்க வேண்டும். நடப்பதற்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அதனால்தான் அதிகம் கெடுவதும் அதுதான். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கால் தரையில், கை இதய மட்டத்தில். அரைமணி நேரம் முன்பு வரை டீ, பீடி, வெற்றிலைப் புகையிலை கூடாது. மூன்று முறை, ஒரு நிமிட இடைவெளியில். கடைசி இரண்டின் சராசரி. மேல்கையைச் சுற்றும் பட்டை 27 முதல் 34 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு ஒன்று, அதற்கு மேல் பெரியது. வலை இழுத்து முறுக்கேறிய கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். ஆகவே பையில் அளவுநாடா கட்டாயம். வாரக் கடைசியில் படிவங்களை எடுத்துக் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். தானியங்கிக் கருவியில் 0 முதல் 9 வரை ஏறக்குறைய பத்துப் பத்து சதவீதம் வர வேண்டும். பூஜ்யம் மட்டும் 40 சதவீதம் வந்திருந்தால் யாரோ கருவியைப் பார்க்காமல் எழுதுகிறார். யார் என்று தேடித் திட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு அவர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் அங்கே இருக்கும்.

சர்க்கரைக்கு வெறும் வயிற்று ரத்தம் என்று எழுதியிருப்பார்கள். பால்வெட்டுக்காரர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறார். போகுமுன் ஒரு கட்டன், அதாவது பால் விடாத டீ. சர்க்கரை போட்ட கட்டன். 'சாப்பிட்டீங்களா?' என்றால் 'இல்லை' என்பார்; டீயைச் சாப்பாட்டில் யாரும் சேர்ப்பதில்லை. கேள்வியை மாற்ற வேண்டும்: 'காலையில எழுந்ததுல இருந்து தண்ணி தவிர வாயில என்ன போட்டீங்க?' சிரட்டையில் பால் வடிந்து, எடுத்து ஊற்றி, உறையவைத்து முடித்து வர உச்சியாகிவிடும். அதுவரை பட்டினி இருங்கள் என்று சொல்லவும் முடியாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்க்கலாம் என்று அடுத்து யோசனை வரும். அதிலும் ஒரு குழி: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தசோகை மலிந்த இடத்தில் ஹீமோகுளோபினைச் சேர்த்துப் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் வைத்து 'தோட்டப் பெண்களிடம் சர்க்கரை நோய் அதிகம்' என்று எழுதிவிடக் கூடாது.

மொழிக்கு வருவோம். ஒப்புதல் படிவம் சென்னையில் எழுதிய தமிழில் இருக்கும். மேற்கே போகப் போகப் பெரியவர்களுக்கு நோய் என்பது 'தீனம்'. மனநலக் கேள்வித்தாளில் 'உங்களுக்கு உளைச்சல் இருந்ததா?' என்று அச்சடித்திருந்தால், 'ஆமா, ரெண்டு காலும் உளையுது' என்று பதில் வரும். இங்கே உளைச்சல் கை கால் நோவுக்கும் சொல். அதை மனச்சோர்வுக்கு இரண்டு மதிப்பெண் என்று குறித்துக்கொண்டு போனால் ஊருக்கே மனச்சோர்வு. இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து, ஒத்துப்பார்த்து, மூன்றாமவர் மூலத்தைப் பார்க்காமல் திருப்பி மொழிபெயர்ப்பது வழக்கமான முறை. அதோடு நிற்காமல் எட்டுப் பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, 'இப்ப நான் என்ன கேட்டேன், உங்க வார்த்தையில சொல்லுங்க' என்று கேட்க வேண்டும். காணிக் குடியிருப்புகளில் இதை அங்கேயே வளர்ந்த ஒருவர் கேட்டால் அரை மணியில் முடியும். நாம் கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

இதற்காக உள்ளூர்க்காரர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடுவார் என்று சொல்ல வரவில்லை. குடி, காசநோய், கருக்கலைப்பு, தற்கொலை எண்ணம் இவற்றைச் சொந்த ஊர்ப் பிள்ளையிடம் யார் சொல்வார்கள்? மாமா மகளிடம் சொன்னால் மறுநாள் கிணற்றடியில் நிற்கும். ஆகவே இரண்டாகப் பிரிப்பது நல்லது: கேள்வியை உருவாக்குவது, காலம் குறிப்பது, சொல் தேர்வது உள்ளூர் மாணவர், ரகசியக் கேள்விகளைக் கேட்பது பக்கத்து ஊர், ஆனால் அதே பேச்சு தெரிந்தவர். கடற்கரை மாணவர் மலைக்கும் மலை மாணவர் கடற்கரைக்கும் ஒரு மாதமாவது மாறிப்போக வேண்டும் என்பதும் இதனால்தான்.

உள்ளூர் அறிவே உள்ளூர் தவறாகவும் முடியும் என்பதற்கு மரச்சீனியைவிட (மரவள்ளிக்கிழங்கு) நல்ல பாடம் இல்லை. திருவிதாங்கூரில் பஞ்சகாலத்து உணவாகப் பரவிய கிழங்கு. இந்தப் பகுதி இளைஞர்களிடம் கணையத்தில் கல் உருவாகிச் சர்க்கரை நோய் வருவதைக் கேரள மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவு செய்தார். நோய் உள்ள இடத்தில் மரச்சீனி இருந்தது, மரச்சீனியில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, கதை பொருந்திவிட்டது. பிறகு மரச்சீனி சாப்பிடாத ஊர்களிலும் நோய் தென்பட்டது; மரச்சீனியே முக்கிய உணவான ஆப்பிரிக்கப் பகுதிகள் சிலவற்றில் நோய் அரிதாக இருந்தது. 2000களின் தொடக்கத்தில் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இந்த நோயாளிகள் பலரிடம் கண்டறியப்பட்டது. இரண்டு விஷயம் ஒரே ஊரில் இருப்பதும், ஒரே ஆளிடம் இருப்பதும், ஒன்று மற்றதை உண்டாக்குவதும் வெவ்வேறு. முதுநிலை மாணவருக்கு இதைப் பாடநூல் உதாரணத்தில் சொல்வதைவிட மரச்சீனியும் மீன்கறியும் பரிமாறிக்கொண்டே சொன்னால் மறக்காது.

மணவாளக்குறிச்சி மணலும் அதே வகுப்பைச் சேர்ந்தது. அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல், கடற்கரையில் புற்றுநோய் என்ற பேச்சும் உண்டு. கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மணல் பகுதியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியான முடிவு, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. இதை வைத்து நம் ஊர்ப் பெண்ணிடம் 'ஒன்றும் இல்லை, போங்கள்' என்று சொல்லவும் கூடாது; 'தெருவில் ஆறு பேர் போயிட்டாங்க' என்பதை வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஆறு பேர் எத்தனை பேரில்? எந்த வயதில்? எந்த உறுப்பில்? புகையிலை எத்தனை பேர்? வேலைக்காக வெளிநாடு போய் அங்கே நோய் கண்டவர் எந்தப் பட்டியலில்? வீட்டுக்குள் இருக்கும் அளவும் மணலில் இருக்கும் அளவும் ஒன்றல்ல. அளவுமானியைப் படுக்கையறையில் வைத்தோமா, வாசலிலா? பத்தாண்டு வேலை இது. இரண்டு மாத மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒரு ஊரில் இறந்தவர்களின் காரணத்தை வீட்டாரிடம் முறையாகக் கேட்டு, தேவாலய அடக்கப் பதிவோடும் பிறப்பு இறப்புப் பதிவோடும் பொருத்திப் பார்த்து, எத்தனை விடுபடுகின்றன என்று சொல்வது. பெருமையான ஆய்வு அல்ல. ஆனால் அது இல்லாமல் அடுத்தது எதுவும் நிற்காது.

வழிகாட்டிகளைப் பற்றி ஒரு முணுமுணுப்பு. புறநோயாளி பிரிவு, பிரசவ அறை, இரவுப்பணி எல்லாம் முடிந்து மிஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி செய் என்று சொன்னால், கார் வைத்திருக்கும் மாணவர்தான் செய்வார். வாரத்தில் ஒரு முழு நாள் பணிப்பட்டியலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பேருந்துக் கட்டணத்தை அன்றன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து பில் வைத்து வாங்கு என்றால் முதல் தலைமுறை மாணவர் கேட்கவே மாட்டார். பெண் மாணவரை விடியற்காலையில் ரப்பர் தோட்டத்துக்குத் தனியாக அனுப்பக் கூடாது. ஜோடியும் வண்டியும் திட்டச் செலவில் இருக்க வேண்டும். ஆசிரியர் பட்டியலில் யார் பெயர் முதலில் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

மக்களுக்கும் அதே நியாயம் வேண்டும். அகத்தியமலையின் கேரளப் பக்கத்துக் காணிகள் 1987இல் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ஒரு மருந்து உருவாகி, உரிமத் தொகையிலும் உரிமைப் பங்கிலும் பாதி அவர்களின் அறக்கட்டளைக்குப் போனது. குறைகள் பல சொல்லப்பட்டாலும், கேட்டு வாங்கியதற்குக் கணக்கு உண்டு என்ற முன்னுதாரணம் அது. ரத்தத் துளி எடுக்கிறவருக்கும் அதே கடன் உண்டு.

அந்தக் கடனைத் திருப்புவது அளவெடுத்த அன்றே தொடங்குகிறது. ரத்த அழுத்தம் 180க்கு 110ஐத் தாண்டியவரை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, முடிந்தால் நம் வண்டியிலேயே, அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு எண்ணை எழுதிய சீட்டு, பெரிய எழுத்தில், தமிழில். இரண்டு வாரத்துக்குள் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோவில் வளாகத்தில் ஊர் மொத்தத்தின் கணக்கைச் சொல்ல வேண்டும். தனி ஆள் பெயர் எதுவும் வராமல். மாத்திரை தொடங்கியவர்களில் கடலுக்குத் திரும்பப் போகிறவரிடம் எத்தனை நாள் பயணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 40 நாள் போகிறவருக்கு 30 நாள் மாத்திரை கொடுத்தால் கடைசிப் பத்து நாளைக்கு மருந்து இல்லை. படகு பிந்தினால் இன்னும் அதிகம். 60 நாளைக்குக் கொடுத்து, உப்புக்காற்றில் நனையாமல் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் புறப்படும் தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள். திரும்பி வரும்போது மிச்ச மாத்திரையை டப்பாவோடு கொண்டுவரச் சொல்லி எண்ணிக்கொள்ளலாம்.